படைக்களமும் பாலன் குடிலும்



திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்பட்டதும், காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள நம் கரையோரப் பங்குகளில் ஒருவகைப் பொருள்வேட்டை தொடங்கிவிடுகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் நிரப்பி அனுப்பும் தெர்மோகோல் பெட்டிகளின் உடைசல்கள், வலை பழுதுபார்க்கும் இடத்தில் கழித்துப்போட்ட நூல் துண்டுகள், லாரி நிற்குமிடங்களில் கிடக்கும் அட்டைகள், பெட்டிப் பலகைகள் யாவும் சிறுவரின் தோளேறி வீட்டு மாடிகளுக்கும் கோயில் திண்ணைக்கும் வந்து சேருகின்றன. பெத்லகேமின் குன்றுகள் இவற்றினின்றே எழும்பவேண்டும். பசை வேண்டும், வண்ணம் வேண்டும் என்று தாய்மாரிடம் பணம் கேட்கும் குரலும் அப்போதுதான் ஓங்கி ஒலிக்கும்.

சென்ற ஆண்டு இக்காலத்தில் நம்மை வந்து கண்ட ஒரு தாயாரின் முறையீடு சற்று வேறுபட்டதாய் இருந்தது. “சாமி, குடிலுக்கென்று வாங்கிக்கொடுத்த வண்ணத்தையெல்லாம் பையன் பட்டாளத்துப் பொம்மைகளுக்கே தீர்த்துவிடுகிறான். சாப்பாட்டு மேசை முழுக்க மலையும் பதுங்குகுழியும் பீரங்கியும்தான். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவன் அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நீங்கள்தான் கூப்பிட்டுக் கண்டிக்கவேண்டும்” என்றார். கண்டிப்பதற்கு முன் காண்பது முறையாதலால், ஒரு மாலை அவ்வில்லம் சென்றோம்.

பையனுக்குப் பதினேழு வயதிருக்கும். மேசைமேல் நான்கடி நீளப் பலகை. அதன்மேல் செதுக்கிய தெர்மோகோல் மலைத்தொடர், மரத்தூளுக்குப் பச்சைச் சாயமேற்றித் தூவிய புல்வெளி, தேங்காய் நாரால் வேய்ந்த கூரைகள், கண்ணாடிபோல் பளபளக்கும் ஓர் ஓடை. இவற்றின் நடுவே இரண்டு படைகள் எதிரெதிர் நின்றன. வீரன் ஒவ்வொருவனும் ஏறத்தாழ ஓர் அங்குல உயரமே. இருவர் அளவுகோலும் பகடையும் கொண்டு ஆடும் ஆட்டம் இது. காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலந்தான் நகரலாம். காட்டினுள் புகுந்தால் அதிற் குறையும். குன்றின் அப்புறம் மறைந்திருப்பவனை இப்புறமிருந்து குறிபார்க்க இயலாது. இப்படி விதிகள் ஒரு புத்தகம் நிறைய உண்டு. ஆகவே மலையும் மரமும் வெறும் அலங்காரமாக நிற்பதில்லை; ஆட்டத்தின் போக்கையே அவை தீர்மானிக்கின்றன. ஆடும் நேரத்தைவிட வண்ணம் தீட்டும் நேரமே தனக்கு மிகுதி என்று பையன் கூறினான். அதை நாம் உடனே நம்பினோம். அவன் விரல் நகங்களே சான்று பகர்ந்தன.

இவ்விளையாட்டின் வேரைத் தேடிப்போனால் நம் நாட்டுச் சதுரங்கத்தில்தான் போய் நிற்போம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையே அப்பெயர் குறிக்கிறது. ஐரோப்பாவில் அதை விரிவாக்க முயன்றவர் பலர். அவர்களுள் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் பிரபு முதலில் ஈரமணலில் மலையும் ஆறும் அமைத்துப் படைநகர்த்தி ஆடினார். அரசருக்குக் காட்டவேண்டி வந்தபோது மணல் தகாது என்று கருதி, 1812-ஆம் ஆண்டில் அழகிய மேசை ஒன்றைச் செய்தளித்தார். சாந்தினால் வார்த்து வண்ணந்தீட்டிய சதுரத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினால் புதிய புதிய நிலப்பரப்பு தோன்றும் வண்ணம் அது அமைந்திருந்தது. அவருடைய மகன் 1824-இல் ஆட்டத்தை நில வரைபடத்தின்மேல் கொண்டுவந்து விதிகளைச் செம்மைப்படுத்தினார். பிரஷ்யப் படைத் தலைமை அதனைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றது. பொழுதுபோக்காய்ப் பிறந்தது போர்க்கல்வியாய் வளர்ந்தது இவ்வாறே. ஈரமணலில் கோட்டை கட்டாத பிள்ளை நம் கரையில் எவரும் இலர். ஆனால் அதை அரசரிடம் கொண்டுபோகவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை, நல்ல வேளை!

வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு இவ்வாட்டம் மீண்டும் வந்தது பின்னர். இலண்டனில் பிரிட்டன் என்பாரின் நிறுவனம் 1893-ஆம் ஆண்டு முதல் உள்ளீடற்ற ஈயவீரர்களை வார்த்து மலிவாக விற்றது. இருபது ஆண்டு கழித்து, 1913-இல், புகழ்பெற்ற நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் இவ்வீரர்களைக் கொண்டு ஆடுவதற்கென்றே ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். மரக்கட்டைகளே வீடுகள், ஒடித்த மரக்கிளைகளே காடு, வில்சுருள் பீரங்கியிலிருந்து பாயும் மரக்குச்சியே குண்டு. விளையாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தவர் நூலின் இறுதியில் உண்மைப் போரின் மடமையைச் சாடுகிறார். இந்தச் சின்னப் போரை ஆடிப்பார்த்தவன் பெரிய போர் எவ்வளவு பெரிய தவறாகும் என்பதை உணர்வான் என்பது அவர் வாதம்.

நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே உலகப் பெரும்போர் மூண்டது. அதன் தீப்பொறி பறந்து விழுந்த இடங்களுள் நம் கரையும் ஒன்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன், முல்லர் என்னும் தலைவரின் ஆணைப்படி சென்னைத் துறைமுகத்தை நெருங்கி ஏறக்குறைய 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றியெரிந்தன. குறைந்தது ஐந்து பேர் மாண்டனர். அஞ்சிய மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டை உயர்நீதிமன்ற வளாகத்தில் காணலாம். கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே கோக்கோஸ் தீவருகே அழிந்தொழிந்தது. ஆயினும், “அவன் சரியான எம்டன்” என்று கெட்டிக்காரனைக் குறிக்கும் வழக்காக அது தமிழில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. வெல்ஸின் மரக்குச்சி பட்டுச் சாயும் ஈயவீரன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து நிற்பான். அன்றிரவு துறைமுகத்தில் சாய்ந்தவர்கள் எழவில்லை. இதை அப்பையனுக்குச் சொன்னபோது, தன் வீட்டுக்கு இவ்வளவு அருகில் நடந்த போரைத் தான் இதுவரை பலகையில் அமைத்துப் பார்த்ததில்லையே என்றான். பிறகு சிறிது நேரம் பேசாதிருந்தான்.

அவன் வண்ணம் தீட்டும் முறையை அன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிளாஸ்டிக் உருவத்தை முதலில் சோப்பு நீரில் கழுவி உலர்த்துகிறான். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் வண்ணம் உரிந்துவிடுமாம். அடுத்து மெல்லிய அடிப்பூச்சு. அதன்மேல் ஆடைக்கும் தோலுக்கும் உரிய நிறங்கள். அவை உலர்ந்தபின், தண்ணீராய்க் கரைத்த கருப்பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட, அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் போய்த் தங்கி நிழலாகிறது. கடைசியாக, தூரிகையை வெளிர்நிறத்தில் தோய்த்து, ஏறக்குறைய முழுவதையும் துணியில் துடைத்துவிட்டு, மேடான பகுதிகளில் மட்டும் இலேசாகத் தடவுகிறான். உயிரற்ற பிளாஸ்டிக்கில் வெயில் விழுகிறது! ஒரு கடுகளவு முகத்தில் அவன் இரண்டு கண்களை வைத்தபோது நாமும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

மதுரை திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் குடும்பம் குடும்பமாக மண்பொம்மை செய்கிறார்கள். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகள் செய்யும் அதே கைகள் கிறிஸ்து பிறப்புக்குக் குடில் சுரூபங்களும் செய்கின்றன. அச்சில் மண்ணை அழுத்தி, இருபாதியையும் இணைத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் வேகவைத்து, வெண்பூச்சுப் பூசியபின் வண்ணந்தீட்டுகிறார்கள். மழை தொடர்ந்தால் மண் உலராது, உலராவிட்டால் வேலையில்லை. நம் நகரிலும் கொசப்பேட்டை, பெயருக்கேற்பக் குயவரின் கைத்திறனால் அறியப்பட்ட இடம். கண்ணைக் கடைசியாகத் திறப்பது நம் சிற்பிகளின் தொன்றுதொட்ட மரபு. கடையில் குடில் சுரூபங்களுக்குப் பேரம் பேசும் நம் மக்கள், அச்சூசையப்பரின் இமையை வரைந்த கையை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் பேரம் சற்றுக் குறையும் என்பது நம் துணிபு.

பெற்றோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. போர்ப் பொம்மைக்கு அஞ்சுவோர் உண்மையில் அஞ்சவேண்டியது இதற்கே. தூரிகையின் நுனியைக் கூராக்க நாவில் வைத்து இழுக்கும் வழக்கம் இக்கலையில் ஈடுபட்டோர் பலரிடம் உள்ளது. நம் பகுதியிலோ பட்டறையிலும் கப்பல் பழுதுபார்க்கும் இடத்திலும் மிச்சப்பட்ட வண்ணத் தகரங்கள் எளிதில் வீடுவந்து சேருகின்றன. ‘வீணாகப் போவானேன்’ என்று தகப்பனார் கொண்டுவருவார். பிள்ளை குடிலுக்குப் பூசும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2016-இல் இயற்றப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அவ்விதி வீட்டு உபயோக வண்ணங்களுக்கு மட்டுமே. இரும்புக்கும் கப்பலுக்கும் பூசும் தொழிற்சாலை வண்ணத்தை அது கட்டுப்படுத்தாது. ஈயம் வளரும் பிள்ளையின் மூளையைத் தாக்கும் நஞ்சு. தண்ணீரில் கரையும் சிறுபுட்டி வண்ணமே போதும், தூரிகையை வாயில் வைக்கவே கூடாது. பழைய ஈயவீரர் எங்கேனும் கிடைத்தால் அவர்களைச் சிறுபிள்ளைகளின் கைக்கெட்டாத அலமாரியில் நிறுத்துங்கள். தெர்மோகோலைச் சுட்ட கம்பியால் அறுக்கும்போது எழும் புகையும் நல்லதன்று, சன்னலைத் திறந்துவையுங்கள். மண்ணிறம் அழகாக வருகிறதென்று அனல்மின் நிலையச் சாம்பலை அள்ளிவந்து தூவிய பிள்ளைகளும் உண்டு. எண்ணூர் ஓடையும் கொசஸ்தலையாறும் அச்சாம்பலைச் சுமந்தது போதாதா, வீட்டுக்குள்ளும் அது வேண்டுமா?

நாம் பையனைக் கண்டிக்கவில்லை. மாறாக, பங்கு நூலகத்தில் வைக்கும் மேசைக் குடிலை அமைக்கும் வேலையை அவனிடமும் அவன் நண்பர்களிடமும் ஒப்படைத்தோம். ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம்: பஞ்சினால் பனி தூவுதல் ஆகாது. ஆண்டுதோறும் நம் வீட்டுக் குடில்களைச் சந்திக்கச் செல்கையில் நமக்குள் எழும் வினா இது: இராயப்பர் பெயரால் வழங்கும் இந்த இராயபுரத்தில் பனி பெய்ததை யார் கண்டார்? பெத்லகேமில்கூட அது அரிது. வெளிநாட்டு வாழ்த்து அட்டை நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது.

குடிலின் வரலாறு வேறு பாடம் கற்பிக்கிறது. 1223-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்னும் இத்தாலிய மலையூரில் அமைத்த குடிலில் பொம்மையே கிடையாது. வைக்கோலும் உயிருள்ள எருதும் கழுதையும் கூடிய ஊராருமே காட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தார் குடிலுக்குள் தங்கள் சந்தைத்தெருவையே கொண்டுவந்தனர். மீன்காரனும் சத்திரக்காரனும் அதில் இடம்பெற்றார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆலயங்கள் மூடப்பட்ட நாளில் தென்பிரான்சு மக்கள் வீட்டுக்குள்ளேயே சிறு குடில்கள் வைத்தனர். மார்செய்ல் நகரத்து லாஞெல் என்னும் கலைஞர் சாந்து அச்சுகளைச் செய்து, ஏழையும் வாங்கத்தக்க சிறு மண்ணுருக்களை வார்த்தார். மீனவன், சாணைபிடிப்பவன், தண்ணீர் சுமப்பவள் என அவ்வூர்த் தொழிலாளர் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பொருளோடு பாலனை நோக்கி நடக்கும் உருக்கள் அவை. மார்செய்ல் நம்மைப்போல் ஒரு துறைமுகப் பட்டினம் என்பதை வாசகர் கவனிக்க. கொலுப்படியில் மளிகைக்கடைச் செட்டியாரும் மனைவியும் அமர்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையன்று. எனினும் நம் குடில்களில் மட்டும் ஏனோ நம் கரையார் ஒருவரும் நுழைவதில்லை.

பையன்கள் இக்கருத்தைப் பற்றிக்கொண்ட விதத்தை நாம் எதிர்பார்க்கவில்லை. கரையாரின் உருவங்கள் கடையில் கிடையா. ஆகவே அவர்கள் தம் படையிலிருந்தே ஆளெடுத்தார்கள். ஒருவனுடைய துப்பாக்கியைக் கத்தியால் அறுத்தெடுத்துத் துடைப்பக்குச்சியைச் சீவித் துடுப்பாகக் கொடுத்தனர். இன்னொருவனின் தலைக்கவசத்தின்மேல் எம்-சீல் பிசைந்து வைத்து மீன்கூடை ஆக்கினர். எறிகுண்டு வீசக் கையோங்கி நின்றவன் கையில் ஒரு பிடி நூலைக் கொடுக்க, அவன் வலைவீசுபவன் ஆனான். குழாய்ப்பீரங்கி சுமந்த இருவர் இப்போது ஐஸ்பெட்டி சுமக்கிறார்கள். எசாயா இறைவாக்கினர் கண்ட அம்மாற்றம் எம்-சீல் கொண்டும் தொடங்கலாம்போலும்!

அடுத்து அளவுப் பிரச்சினை. நம் குடில்களில் ஒட்டகத்தைவிட ஆட்டுக்குட்டி பெரிதாயிருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை, இப்பையன்கள் விடவில்லை. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது அவர்கள் வீரர்களின் அளவு. அக்கணக்கின்படி இருபதடிக் கன்டெய்னர் எட்டரை சென்டிமீட்டர் நீளம். முப்பதடி ஃபைபர் படகு பன்னிரண்டரைக்குச் சற்று மேல். பின்னணிக்குச் செல்லச்செல்ல எல்லாவற்றையும் சிறிதாக்கி அமைத்தால் இரண்டடி ஆழத்தில் இரண்டு மைல் தொலைவு தெரிகிறது. அப்பின்னணியில் துறைமுகக் கிரேன் ஒன்றை ஐஸ்குச்சியால் கட்டினர். இரவு ஷிப்ட் முடிந்து வந்த தகப்பனார் — அவர் கிரேன் இயக்குபவர் — மேசையருகே நின்று வெகுநேரம் பார்த்தாராம். பிறகு, “இப்படி நின்றால் கவிழ்ந்துவிடும். பின்பக்கம் எதிர்எடை எங்கே?” என்றாராம். மாதக்கணக்கில் மகனிடம் அவர் பேசிய முதற்சொற்கள் அவை என்று தாயார் நம்மிடம் கூறினார். ஞாயிறு முழுதும் தகப்பனும் மகனும் குச்சி அறுத்தனர். இயக்குநர் அமரும் கூண்டில் ஓர் ஆளையும் உட்காரவைத்தனர். அவ்வாளின் சட்டைக்கு என்ன நிறம் என்பதில் மட்டும் சண்டை தொடர்ந்ததாகக் கேள்வி.

குடில் நிறைவுற்றபோது வேறொரு விவகாரம் எழுந்தது. மாற்றம் பெறாத வீரர் ஐவரை, முழுப் படைக்கலத்தோடு, இடது ஓரக் குன்றின்மேல் பையன் நிறுத்தியிருந்தான். அவர்களுக்குக் கீழே பாதி இடிந்த வீடு ஒன்று. மரியாயின் சேனை உறுப்பினரான பெரியவர் ஒருவர் கொதித்தெழுந்தார். “பாலன் முன்னால் துப்பாக்கியா?” என்பது அவர் கேள்வி. சேனை என்ற சொல் நமக்கொன்றும் அந்நியமன்று என்று நாம் நகைச்சுவையாகச் சொன்னதை அவர் இரசிக்கவில்லை. பையனிடம் கேட்டோம். “ஏரோதுடைய ஆட்கள், சாமி. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள்தானே? அவர்கள் அதற்குள் எங்கிருந்து வருவார்கள்? முன்பே எங்கோ நின்றிருக்கவேண்டும்” என்றான்.

மறைக்கல்வி வகுப்பில் இப்பதிலை இதுவரை எவரும் நமக்குத் தந்ததில்லை. வீரர்களை அகற்ற வேண்டா என்று தீர்ப்பளித்தோம். அகுஸ்து பேரரசரின் கணக்கெடுப்பு ஆணையினால் ஊர்விட்டு ஊர் நடந்தது அக்குடும்பம். பின்னர் வாளுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடியது. படைவீரரின் நிழல் விழாத குடில் வரலாற்றில் இருந்ததில்லை. 2023 டிசம்பரில், காசாவில் போர் நடந்துகொண்டிருக்கையில், பெத்லகேமிலேயே லுத்தரன் சபையாரின் ஆலயம் ஒன்றில் குழந்தை இயேசுவை வைக்கோலில் கிடத்தாமல் உடைந்த கற்குவியலின் நடுவே கிடத்தியிருந்தனர். அப்படம் உலகெங்கும் சென்றது. பலகையில் இடிந்த வீடு செய்வது எப்படி என்று கற்ற கை, அது யாருடைய வீடு என்றும் கேட்கத் தொடங்கினால் நாம் ஏன் தடுக்கவேண்டும்? பெரியவருக்கு இத்தீர்ப்பு இன்றளவும் உடன்பாடில்லை. அவர் நூலகத்திற்கு வரும்போதெல்லாம் ஐவரையும் பின்பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போவார். பையன் வந்து மீண்டும் திருப்பிவைப்பான். மூவரசர் திருநாள் வரை இது நடந்தது. தடுக்க நாம் முயலவில்லை.

குடில் பிரிக்கும் நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்நாளில்தான் சுரூபங்கள் மிகுதியாய் உடைகின்றன. மண்ணுருக்களைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் அடிப்பீடத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பழைய பருத்தித்துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் நம் கடற்காற்றின் ஈரம் உள்ளே தங்கி வண்ணம் பூத்துவிடும். அந்துருண்டையைத் தெர்மோகோல் மலைகளோடும் பிளாஸ்டிக் உருக்களோடும் சேர்த்து வைக்காதீர்கள். அது அவற்றைக் கரைத்துக் குழியாக்கிவிடும், வேப்பிலை போதும். புல்லுக்காகத் தட்டில் முளைக்கவிட்ட கேழ்வரகை வாட விடாமல் ஆட்டுக்குக் கொடுங்கள். காதோ விரலோ உடைந்த சுரூபத்தைக் குப்பையில் எறியாமல் நூலகத்திற்குக் கொண்டுவந்தால், சனிக்கிழமை மாலைகளில் அந்த நான்கு பையன்களும் ஒட்டி வண்ணந்தீட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்ணத்துக்கான செலவை மட்டும் கொடுத்துவிடுங்கள்.